பத்தே நகர்த்தலில் முடிய வேண்டிய ஆட்டம்

என் தங்கச்சிக்குப் புருஷனாக வந்து எனக்குச் சிநேகிதனாகிப் போன தேவா மாப்ளே,

உனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. சித்தூரில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. இப்போதும் நீ தூரத்தில் இல்லை. சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியில் போனால் ஐந்து நிமிஷம். ஆனால் அங்கே போய் நின்றால் எனக்குப் பேச வரவில்லை. மண் இறங்கியிருக்கிறதா, யாராவது பூ வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சபைப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத வரவில்லை. உனக்கே எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நீ போய் இரண்டு மாதம் முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. இதை வீரமாகச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் திருப்பி நடத்தினேன். ஒரு கணக்குகூடத் தப்பவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், யாராவது தமாஷ் பண்ணினால் சிரிக்கவும் செய்கிறேன். பல் பிடுங்கும்போது ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நம்முடையதுதான், ஆனால் தொட்டால் தெரியவில்லை.

உனக்குச் செய்திகள் சொல்லிவிடுகிறேன். பங்காருபாளையம் ரோட்டில் மாங்காய் லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டன. நீ வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் உன் நாற்காலிக்குக் குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாளாம். உன் மகள் ஷாலினி வேலூருக்குப் போய் காலேஜில் மறுபடியும் சேர்ந்துகொண்டாள். எஸ்தர் உன் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பழையபடி பீரோவில் அடுக்கிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவள்தான் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் வாரத்தில் தினமும், பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை.

"ண்ணா, கடைசியா உங்கிட்ட இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல எஸ்தரு. ஆட்டத்துல பேசக் கூடாது இல்ல."

செஸ் ஆட்டத்தில் பேசக் கூடாது என்பது உண்மை. நீ ஒன்றும் சொல்லவில்லை என்பது பொய். அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும். எழுதாமல் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன் பார்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் அலமாரி மேல் இருந்த செஸ் போர்டைப் பார்த்த மாப்பிள்ளை நீ. கல்யாணம் முடிந்த வருஷமே மாவட்டப் போட்டியில் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. நாலு மணி நேரம் அடித்துக்கொண்டோம். நீ ஜெயித்தாய். நான் எட்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீயும் என்னைச் சமாதானம் பண்ணுவதாக வந்து, நான் தோற்ற இடத்தை மறுபடியும் விளக்கிவிட்டுப் போனாய். எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. நம் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணினாள்.

"யாரும் தோக்காம இந்த எழவ ஆட முடியாதா?"

"முடியும், டிரா பண்ணிக்கலாம்" என்றாய் நீ.

"அப்ப இனிமே நீங்க ரெண்டு பேரும் மாட்டிக்கினா டிராதான். இது என் சட்டம்."

அவள் சட்டத்துக்காக நாம் தேடிப் பிடித்ததுதான் அந்த நாலு குதிரை ஆட்டம். இருவரும் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவோம். இரண்டு இரண்டு குதிரைகளை வெளியே கொண்டுவருவோம். வெள்ளை பிஷப்பை முன்னே நகர்த்தும். நாலாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை ஒன்று பலகை நடுவில் வந்து குதிக்கும். அதை வெள்ளைக் குதிரை வெட்ட வேண்டும். பிறகு எல்லாம் தானாக நடக்கும். பத்தாவது நகர்த்தலுக்குள் ராணிகள் இரண்டும் வெளியே போய்விடும், பலகையில் சண்டை போட ஒன்றும் மிஞ்சாது. கை குலுக்கிவிட்டு, வெளியே போய் தோசை தின்போம். பதினெட்டு வருஷத்தில் ஏழு தடவை அப்படி நடந்தது. முன்கூட்டியே பேசிவைத்த டிரா சட்டப்படி சரியில்லைதான். ஆனால் எஸ்தர் சட்டம் பெரிய சட்டம்.

எட்டாவது தடவை திருப்பதியில்.

அந்தக் கல்யாண மண்டபத்தில் கடைசி ரவுண்டுக்கான ஜோடிப் பட்டியலை ஒட்டினபோது, உன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் இருந்தன. நீ என் தோளில் தட்டி, "இன்னிக்கி சீக்கிரமா தோசை, மச்சான்" என்றாய். நான் தலையாட்டினேன். ஆனால் நான் பக்கத்தில் ஒட்டியிருந்த புள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாலு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். நீ இரண்டு முறை போய்விட்டு வந்தவன். நான் ஒரு முறைகூடப் போனதில்லை. ஜெயித்தால் நாலாவது இடம். டிரா ஆனால் ஐந்தாவது. உனக்கு அன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான், வழக்கத்துக்கு மாறாக மோசமாக ஆடியிருந்தாய். உன்னிடம் கேட்டிருந்தால் நீயே விட்டுக்கொடுத்திருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. எனக்கு நிஜமான ஆட்டத்தில் உன்னை ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. பதினெட்டு வருஷமாக இருந்திருக்கிறது, எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பதினோரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நீ கறுப்பு. சிப்பாய், குதிரை, குதிரை, பிஷப், எல்லாம் வழக்கப்படி. நாலாவது நகர்த்தலில் உன் குதிரை நடுவில் வந்து குதித்தது. நான் அதை வெட்டவில்லை. என் பிஷப்பைப் பலகை ஓரத்துக்குப் பின்னிழுத்தேன்.

பார்ப்பவர்களுக்கு அது ஒரு சாதாரண நகர்த்தல். புத்தகத்தில் இருப்பதுதான். உனக்கும் எனக்கும் மட்டும்தான் அது என்ன என்று தெரியும்.

நீ யோசித்தாய். இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். நான் உன்னைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தேன், பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். உன் நேரம் ஓடுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த இருபத்திரண்டு நிமிஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஆடினாய். உன் சிப்பாய் ஒன்று என் கைக்கு வந்தது. பன்னிரண்டாவது நகர்த்தல் முடிந்ததும், மெதுவாகக் கேட்டாய்.

"டிராவா, மச்சான்?"

நான் நிமிரவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே முடியாது என்று தலையாட்டினேன். தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

பதினேழாவது நகர்த்தலில் உன் குதிரையை என் சிப்பாய் வெட்டும் இடத்தில் கொண்டுவந்து வைத்தாய். செஸ் கற்றுக்கொண்டு ஒரு வாரம் ஆனவன்கூட வைக்க மாட்டான். வெட்டினேன். நீ கையை நீட்டினாய். கை ஈரமாக இருந்தது. மண்டபத்தில் ஃபேன் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நகர்த்தல்களை எழுதிய தாள்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுத்தோம். நீ வெளியே போனாய். நான் உள்ளேயே நின்று மற்ற ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலாவது இடம் நிச்சயம்தானா என்று தெரிந்துகொள்ள. நிச்சயமாயிற்று. உன்னிடம் சொல்ல வெளியே வந்தபோது, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த உன்னை இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மடியில் உன் தலை இருந்தது. நீ எதுவும் பேசவில்லை. மாரடைப்பு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். ஆகவே நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். "டிராவா, மச்சான்?"

இதை எஸ்தரிடம் எப்படிச் சொல்வேன்? ஆட்டம் வழக்கம்போல டிரா என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னாள். "கடைசி ஆட்டம் எங்கண்ணனோடதான். டிரா பண்ணிக்கினாங்க." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், மாப்ளே. வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். நீ இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். திருப்பதிக்கு பஸ் ஏறி, நடுவர் வீட்டைத் தேடிப் போய், முடிவை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். பொய்யை நிஜமாக்கிவிட்டால் எஸ்தரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு. சந்திரகிரி தாண்டும்வரை அது சரியான யோசனையாகவே பட்டது.

நடுவரை உனக்குத் தெரியும், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற அந்தக் கண்ணாடிக்காரர். உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"ரிசல்ட் அன்னைக்கே அயிபோயிந்தி, முடிஞ்சிடுச்சு சார். ரெண்டு பேரும் சைன் பண்ணீங்க. நான் எப்படி மாத்துவேன்?"

"அவரு டிரா கேட்டாரு சார். நான் குடுக்கல. இப்ப குடுக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு கட்டை எடுத்துவந்து, நம் தாள்கள் இரண்டையும் பிரித்து என் முன்னால் வைத்தார். யாராவது டிரா கேட்டால் இருவருமே தங்கள் தாளில் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் சமக்குறி போட வேண்டும், அது விதி. உன் தாளில் போட்டிருந்தாய்.

"மீ ஷீட்ல லேது சார். நீங்க ஏன் எழுதல?"

"எழுதணும்னு தோணல."

அவர் முடிவை மாற்ற முடியாது என்று மறுபடியும் சொன்னார். மாநிலப் போட்டிக்குப் போக மனமில்லை என்றால் எழுதிக் கொடுங்கள், ஐந்தாவது ஆளைக் கூப்பிடுகிறோம் என்றார். எழுந்தபோது உன் தாளை மடித்து என் கையில் வைத்தார். "இது வீட்ல இருக்கட்டும் சார்."

பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மணி எழுதியிருந்தாய். ஃபாக்டரியில் கூழைச் சோதித்துச் சோதித்து நேரத்தைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் உன்னைப் போட்டியிலும் விடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நீ எழுதுவதைக் கண்டு நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். என் பிஷப் பின்வாங்கியது பதினொன்று ஐந்து. உன் பதில் பதினொன்று இருபத்தேழு. டிரா கேட்டது பதினொன்று நாற்பத்தொன்பது. எழுத்து கீழே போகப் போகக் கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போயிருந்தது.

ஒன்றுதான் புரியவில்லை. நாலாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் பதினொன்று நாலு என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாய். அப்போது நான் இன்னும் பிஷப்பைப் பின்னிழுத்திருக்கவே இல்லை. எதற்கு வட்டம்?

மறுநாள் மத்தியானம் எஸ்தரிடம் போனேன். முறத்தில் புளியைப் போட்டுக்கொண்டு கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிஷப்பை, இருபத்திரண்டு நிமிஷத்தை, தலையாட்டியதை, நாலாவது இடத்தை. என் குரல் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பது போலத்தான் இருந்தது. அவள் கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் உன் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவளுக்குச் செஸ் தெரியாது. ஆனால் உன் எழுத்து தெரியும். நேராக அந்த வட்டத்துக்குத்தான் போனாள்.

"இது இன்னா, பதினொண்ணு நாலு?"

"நாலாவது மூவு. வட்டம் ஏன் போட்டான்னு தெரியல."

"ஃபாக்டரி நோட்டுல போடுவாரு. ஏதாவது சரியில்லன்னா அந்த டைம்ல வட்டம் போட்டு வெப்பாரு, அப்புறமா பாக்கறதுக்கு." வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "அவரு பத்தரைக்கு எனக்கு போன் பண்ணாருண்ணா."

எனக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது.

"நெஞ்சு எரியுது, வந்துடட்டுமான்னு கேட்டாரு. காலைல பூரி துன்னீங்க இல்ல, அதான், மோர் வாங்கிக் குடிச்சிட்டு ஆடி முடிச்சிட்டே வாங்கன்னேன். சரி, மச்சானோடதான், பத்தே நிமிசம், முடிச்சிட்டு பஸ் ஏறிடறேன்னாரு."

பத்தே நிமிஷம். நீ அதை நம்பித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாய். வலி வந்ததும் வட்டம் போட்டுவிட்டு, குதிரையை நடுவில் வைத்துவிட்டு, நான் வெட்டுவேன் என்று காத்திருந்திருக்கிறாய். இன்னும் ஆறு நகர்த்தல், கை குலுக்கல், பஸ். அந்த இருபத்திரண்டு நிமிஷம் நீ யோசித்தாயா, என்மேல் வருத்தப்பட்டாயா, வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாயா? ஏன்டா வாய் திறந்து சொல்லவில்லை? எதிரில் நான்தானே இருந்தேன்.

"நான் ஆடிட்டு வாங்கன்னேன். நீ முடியாதுன்ன" என்றாள் எஸ்தர். சண்டைக்குச் சொல்லவில்லை. "உங்கிட்ட இன்னா சொன்னாருன்னு கேட்டுக்கினே இருந்தேனே, எதுக்குன்னு நெனச்ச? நான் சொன்னத உங்கிட்ட சொல்லிட்டாரோன்னுதான்."

இரண்டு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே அவள் ஒன்றை மறைத்திருக்கிறாள், நான் ஒன்றை மறைத்திருக்கிறேன். இருவருக்கும் நடுவில் முறம் இருந்தது. அவளும் அழவில்லை, நானும் அழவில்லை.

மறுபடியும் புளியை எடுத்துக் கொட்டை நீக்கிக்கொண்டே கேட்டாள்.

"டிரான்னா இன்னா பண்ணுவீங்க?"

"ரெண்டு ராஜாவையும் எடுத்து நடு கட்டத்துல வெச்சிட்டு, கை குடுப்போம். அவ்ளோதான்."

எஸ்தர் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்கு எதிரே நேராக உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"அவரு கேட்டாரு இல்ல. குடு."

நம் வீடுகளில் அண்ணன் தங்கச்சி கை குலுக்கிக்கொள்ளும் வழக்கம் ஏது? அவள் பிறந்ததிலிருந்து நான் அவளுக்குக் கை கொடுத்ததில்லை. கொடுத்தேன். அவள் கையெல்லாம் புளி, பிசுபிசுவென்று ஒட்டியது. உடனே விடவில்லை. நான் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அவ்வளவு இளைத்துவிட்டாள், மாப்ளே. தினமும் போய்க்கொண்டு இருந்தேன், நான் பார்க்கவே இல்லை.

தாளில் உன் சமக்குறி பக்கத்தில் நானும் ஒன்று போட்டேன். புளிக் கறையும் சேர்ந்துகொண்டது. நடுவர் கணக்கில் அது செல்லாது. எஸ்தர் அதை பீரோவில் உன் சட்டைகளுக்கு மேலே வைத்திருக்கிறாள்.

மாநிலப் போட்டிக்குப் போகப் போவதில்லை என்று எழுதிக் கொடுக்கவே இருந்தேன். "நீ போகலன்னா அவருக்கு இன்னா ஆவப் போவுது?" என்றாள் அவள். ஆகவே போகிறேன். ஜெயிப்பேன் என்றெல்லாம் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், என் ஆட்டம் உனக்குத் தெரியும். ஒன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். எந்த ஊரில், யாரோடு ஆடினாலும், நாலாவது நகர்த்தல் முடிந்ததும் பலகையை விட்டு நிமிர்ந்து, எதிரில் இருப்பவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன். என் நேரம் ஓடினால் ஓடட்டும்.

நீ கேட்ட டிராவைத் தாமதமாகக் கொடுத்த
உன் மச்சான்
ஜெயசீலன்
சித்தூர்